பின்னாலிருந்து கூப்பிட்டவள்

எனக்கு வாய் நீளம் என்று பக்கத்து வீட்டுப் பெண் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். சொல்லட்டும். குழாயடியில் நான் வாயைத் திறந்தால் எதிரே நிற்பவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள் என்பது உண்மைதான். ஆனால் சிறுமியாக இருந்தபோது இரண்டு வருஷம் போல நான் ஊமையாக இருந்தவள். ஊரில் என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ஊமச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தச் சேதி தெரிந்தால் அவள் என்ன சொல்வாளோ தெரியாது. அப்போது சேர்த்துவைத்ததை இப்போது செலவழிக்கிறேன் என்று வைத்துக்கொள்ளட்டும்.

எங்கள் ஊர் ஓமலூருக்கும் மேச்சேரிக்கும் நடுவில் மேட்டுக்காட்டில் இருந்தது. மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். அப்பாவிடம் ஒரு ஜோடி மாடும் ஒரு பார வண்டியும் இருந்தன. அணை வேலைக்குச் சுண்ணாம்பும் கல்லும் ஏற்றிப் போவார். வாரத்துக்கு ஒரு நடை சேலத்துக்குக் கடலைக்காய் மூட்டை கொண்டுபோவார். வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் அக்கா. கணவனை இழந்த பிறகு அத்தை எங்களோடு வந்து இருந்துவிட்டாள். அவளுக்குச் சகுனம் பார்ப்பதில் மிஞ்சிய ஆள் அந்த வட்டாரத்தில் கிடையாது. பல்லி சொல்லாமல் அடுப்புப் பற்றவைக்க மாட்டாள் என்று அம்மா கேலி செய்வாள்.

அம்மாவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. கை வைத்தியமெல்லாம் செய்து ஓய்ந்தபிறகு சேலத்து மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதென்று முடிவாயிற்று. ஒருநாள் விடியற்காலையில் வண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்து அம்மாவைப் படுக்கவைத்தார்கள். நான் தூங்கிக்கொண்டிருக்கும்போதே கிளம்பிவிடலாம் என்று பார்த்திருக்கிறார்கள். மாட்டின் கழுத்து மணி கேட்டு நான் எழுந்து ஓடிவந்தபோது வண்டி வாசலைத் தாண்டிவிட்டது. "அம்மா!" என்று கத்தினேன்.

வண்டி நின்றது. அம்மா வைக்கோலில் ஒரு கையை ஊன்றி மெல்லத் தலையைத் தூக்கித் திரும்பிப் பார்த்தாள். அத்தைக்கு வந்ததே ஆத்திரம்.

"ஏன்டி, போற வண்டியப் பின்னால இருந்து கூப்புடலாமா? தம்பி, அவள எறக்கு. ஊட்டுக்குள்ள ஒக்கார வெச்சு ஒரு வாய் தண்ணி குடுத்துட்டு அப்பறமாக் கூட்டிட்டுப் போ."

எங்கள் பக்கத்தில் அது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். கிளம்பிப் போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. தப்பித்தவறிக் கூப்பிட்டுவிட்டால் அவர் திரும்பி வந்து, உள்ளே உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் புதிதாகக் கிளம்ப வேண்டும். அப்படிச் செய்தால் தோஷம் கழிந்துபோகும்.

"அவளால எறங்க முடியாதுங்கக்கா. வெயிலுக்கு முந்திப் போயாகோணும்" என்று அப்பா மாட்டைத் தட்டினார். அம்மா என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். வண்டி புளியமரத்து முடக்கில் திரும்பி மறைந்தது.

அம்மா வரவில்லை. அப்பா வெறும் வண்டியோடு திரும்பினார். காரியத்தையெல்லாம் சேலத்திலேயே உறவுக்காரர்களை வைத்து முடித்துவிட்டார்கள். அத்தை நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். அன்று காலையில் நடந்ததைப் பற்றி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்கு அது நினைவிலேயே இல்லை என்று இப்போது தோன்றுகிறது. என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டினால் அழலாம், அழுதால் யாராவது மடியில் போட்டுக்கொள்வார்கள். யாரும் திட்டாததால் நானே எனக்குள் தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். இனி யாரையும் கூப்பிடக் கூடாது என்று முடிவுசெய்தேன்.

கூப்பிடாமல் பேசுவது எப்படி என்று எங்கள் ஊர்க்காரர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். ஏனுங்க, அத்தே, சாமி, கண்ணு என்று ஒரு விளி இல்லாமல் எங்களுக்குப் பேச்சே தொடங்காது. குழம்புக்கு உப்பு வேண்டும் என்றால்கூட முதலில் ஒருவரைக் கூப்பிட்டாக வேண்டும். நான் கூப்பிடுவதை நிறுத்தினேன், பேச்சு தானாகவே நின்றது. முதலில் நானாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் அத்தையிடம் எதையோ சொல்ல வேண்டும் என்று நினைத்தபோது தொண்டையை யாரோ உள்ளேயிருந்து பிடித்ததுபோல் இருந்தது. பயந்துபோனேன். பயந்ததையும் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

அத்தை சும்மா இருக்கவில்லை. வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தேய்த்தாள். கோயில் மணியைக் கவிழ்த்து அதில் தண்ணீர் ஊற்றிக் குடிக்கவைத்தாள். காத்துக் கருப்பு அடித்திருக்கும் என்று வேப்பிலை அடித்தார்கள், மொட்டை போட்டார்கள். கடைசியில் வெள்ளியில் ஒரு நாக்குச் செய்து உண்டியலில் போட்டார்கள். அந்த நாக்கும் என்னைப் போலவே பேசாமல்தான் கிடந்திருக்கும். இவ்வளவும் எனக்காகத்தான் செய்தார்கள், குறை சொல்லக் கூடாது. ஆனால் இதற்கு நடுவே ஒருவர்கூட என் பக்கத்தில் சும்மா உட்காரவில்லை.

பேசாத பிள்ளைக்குக் காதும் கேட்காது என்று பெரியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். ஆட்டுக்குட்டிக்கு முன்னால் பேசுவதுபோல என் முன்னால் எதையும் பேசுவார்கள். என் வயதுப் பிள்ளைகள் கொஞ்ச நாள் கேலி செய்து பார்த்தார்கள். பதில் வராத கேலி சலித்துப்போய் விட்டுவிட்டார்கள். கேலி நின்ற பிறகு இன்னும் மோசமாக இருந்தது. அப்பாவும் என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். பதில் சொல்லாதவளிடம் மனிதன் எவ்வளவு நேரம்தான் பேசுவான்? சாப்பிடும்போது என் பக்கம் களி உருண்டையைத் தள்ளிவைப்பார். அதுதான் எங்களுக்குள் பேச்சு.

எனக்கு ஒரே ஒரு இடம் இருந்தது. உள்ளறையில் ராகி கொட்டிவைக்கும் மண் குதிர். அறுப்புக்கு முந்தின மாதங்களில் அது காலியாக இருக்கும். ஆள் இல்லாத நேரம் பார்த்து, சின்ன மர உரலைக் கவிழ்த்து ஏறி நின்று, அதன் வாய்க்குள் தலையை விட்டுப் பேசுவேன். அங்கே மட்டும் தொண்டை திறந்தது. "அத்தே, பசிக்குது" என்பேன். "அப்பா, எங்க போறீங்க" என்பேன். அம்மாவை மட்டும் கூப்பிட மாட்டேன். குரல் தடித்து என் காதிலேயே வந்து விழும். தலையை வெளியே எடுத்தால் பழையபடி ஒன்றும் வராது.

கடலைக்காய் வாங்கும் வியாபாரி ஒருவர்தான் சேலத்து ஆஸ்பத்திரியில் பேசாத பிள்ளைகளைப் பார்க்கிற ஓர் அம்மாள் வந்திருப்பதாக அப்பாவிடம் சொன்னார். அம்மா இறந்த அதே ஆஸ்பத்திரி. அப்பா கொஞ்ச நாள் யோசித்தார். பிறகு ஒரு வாரத்து நடையில் மூட்டைகளுக்கு நடுவில் என்னையும் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினார். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை அவிழ்த்தவர், உடனே உள்ளே போகாமல் மாட்டுக்கு வைக்கோல் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாளை எல்லாரும் டீச்சரம்மா என்றார்கள். தெற்குச் சீமையில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியில் வேலை பார்த்தவர். இங்கே கொஞ்ச காலத்துக்கு வந்திருந்தார். பின்கட்டில் ஓர் அறையில் ஒரு கண்ணாடி, மெழுகுவர்த்தி, கோழி இறகு, படங்கள் வரைந்த அட்டைகள். முதல் நாள் என் முதுகுக்குப் பின்னால் ஒரு பித்தளைத் தட்டைக் கீழே போட்டார். நான் துள்ளி விழுந்தேன்.

"காது நல்லாக் கேக்கு. நாக்கும் நல்லாத்தான் இருக்கு. பேசிருவா, பாருங்க" என்று அப்பாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குத் திருடி அகப்பட்டதுபோல் இருந்தது.

அதன்பிறகு வாராவாரம் காலையில் அப்பா என்னை அங்கே விட்டுவிட்டு மண்டிக்குப் போவார், மதியம் தாண்டி வந்து கூட்டிப்போவார். மெழுகுவர்த்தியை என் வாய்க்கு நேரே பிடித்து 'ப' சொல்லச் சொல்வார் டீச்சரம்மா. சுடர் வளைய வேண்டும். தம் தொண்டையில் என் கையை வைத்து அதிர்வைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார். மூச்சை மட்டும் விட்டுச் சுடரை வளைத்துக் காட்டினேன், குரல் வரவில்லை. அங்கே இன்னும் சில பிள்ளைகள் வந்தார்கள். அவர்களுக்குக் காது கேட்காது. ஆனால் தங்களுக்குள் கையாலேயே பேசி, கோள் சொல்லி, சண்டைபோட்டு, சிரித்துக்கொண்டார்கள். அந்தக் கைப்பேச்சு எனக்குத் தெரியாது. ஊரில் பேசுகிறவர்களோடும் சேர முடியவில்லை, இங்கே பேசாதவர்களோடும் சேர முடியவில்லை. சுவரோரம் ஒரு பெஞ்சு இருந்தது. என் இடம் அதுதான்.

எல்லாவற்றிலும் கொடுமை அந்த முதல் அட்டை. ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் படம். "உதட்டச் சேத்து வை. ம்ம். சொல்லு பாப்போம், அம்மா" என்பார். உலகத்தில் எல்லாப் பிள்ளைக்கும் முதலில் வருவது அந்தச் சொல்தானே, அதனால் எங்கே ஆரம்பித்தாலும் அங்கேயே வந்து நின்றார். நான் உதட்டை இறுக்கிக் கடித்துக்கொள்வேன். என் அம்மா அதே கட்டடத்தில்தான் செத்தாள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அப்பா தானாகச் சொல்கிற ஆள் இல்லை. "உதடு சேருது, சத்தம்தான் கூட மாட்டேங்குது" என்று டீச்சரம்மா வருத்தப்பட்டார். அப்பா கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மார்கழி கடைசியில் டீச்சரம்மா அப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். பொங்கல் கழித்துத் தம் ஊருக்கே திரும்பிப் போவதாகச் சொன்னார்.

"என்கூட அனுப்பி வைங்க. அங்க விடுதி இருக்கு. சோறு துணிக்குக் கவலை இல்ல. வருஷத்துக்கு ஒருக்க வந்து பாத்துக்கிடலாம்."

"பேச்சு வந்துருமுங்களா?"

"முயற்சி பண்ணுதேன். இங்க இருந்தா அதுவும் இல்ல."

அப்பா துண்டைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார். "செரிங்க" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்னால் என்ன சொல்லியிருக்க முடியும்? வீட்டுக்கு வந்ததும் உள்ளறைக்கு ஓடினேன். போகமாட்டேன் என்று அந்தக் குதிருக்குள்ளாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அறுப்பு முடிந்து அதில் விளிம்புவரை ராகி கொட்டியிருந்தார்கள். தலையை விட இடமில்லை. குதிரின் மண் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதேன்.

பொங்கலுக்கு முந்தின வாரம் கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். அப்பா என்னை இறக்கிவிட்டு, டீச்சரம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, மண்டிக்குக் கிளம்பினார். டீச்சரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். நான் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது சக்கரம் ஒரு மாதிரி ஆடியது. உற்றுப் பார்த்தேன். சக்கரம் கழன்று வெளியே வராமல் அச்சின் நுனியில் செருகியிருக்கும் கடையாணி அங்கே இல்லை. இன்னும் கொஞ்ச தூரத்தில் சாலை இறக்கம். மூட்டை ஏற்றிய வண்டி இறக்கத்தில் சக்கரம் கழன்றால் முன்னால் உட்கார்ந்திருக்கிற ஆள் என்ன ஆவான் என்று வண்டிக்காரன் மகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கூப்பிட வேண்டும், கூப்பிடவும் கூடாது. அம்மாவைக் கூப்பிட்டேன், அம்மா போய்விட்டாள். கூப்பிடாவிட்டால் சக்கரம் போகும். தொண்டை கல்லாக அடைத்துக்கொண்டது. டீச்சரம்மா கையை உதறிவிட்டு ஓடினேன். வண்டியை எட்டினேன், நிறுத்தவில்லை, அதைத் தாண்டி ஓடினேன், மாடுகளுக்கும் முன்னால் போய் நடுச்சாலையில் திரும்பி நின்றேன். இப்போது நான் பின்னால் இல்லை. அப்பாவின் முகம் எனக்கு நேரே இருந்தது.

"ஆணி" என்றேன்.

துருப்பிடித்த கதவு திறந்த மாதிரி ஒரு சத்தம். அப்பா கயிற்றை இழுத்துப் பிடித்துக் குதித்து இறங்கினார். என்னைப் பார்க்கவில்லை, நேரே சக்கரத்தைத்தான் போய்ப் பார்த்தார். கல்லை அண்டை கொடுத்தார். வண்டிக்கடியில் தொங்கிய பையிலிருந்து ஒரு பழைய ஆணியைத் தேடி எடுத்துச் செருகி, கல்லால் தட்டி இறுக்கினார். வேலையெல்லாம் முடிந்து நிமிர்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. கையிலிருந்த கல்லைக் கீழே போட்டுவிட்டு என்னையே பார்த்தபடி நின்றார்.

டீச்சரம்மா மூச்சிரைக்க ஓடிவந்தார். பேசினாயா என்று கேட்டுக் கட்டிப்பிடிக்கவில்லை, அதற்காக அவருக்கு நான் இன்றும் கும்பிடு போடுவேன். சாலையோரம் மண்ணிலேயே உட்கார்ந்து, என் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு, சாதாரணமாகக் கேட்டார்.

"வாசல்ல இருந்தே கூப்பிட்டிருக்கலாம்லா? எதுக்கு இம்புட்டுத் தூரம் ஓடியாந்த?"

"பின்னால கூப்புடக் கூடாது."

"கூப்பிட்டா?"

"அம்மா வரல."

டீச்சரம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா முதன்முதலாக வாயைத் திறந்து எல்லாவற்றையும் சொன்னார், விடிகாலை வண்டி, அத்தை சொன்ன தண்ணீர், ஆஸ்பத்திரிக்குள்ளே அம்மா கடைசியாகக் கிடந்த மூன்றாவது கட்டில் எல்லாம். டீச்சரம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் இவ வாயையே பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார்.

அன்று வீடு திரும்பும்போது அப்பா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தார். ஓமலூர் தாண்டியபிறகு, மாடுகளிடம் பேசுவதுபோல ஆரம்பித்தார்.

"உங்கம்மா அன்னைக்கு இந்தத் தடம் பூரா ஒன்னையேதான் சொல்லிக்கிட்டு வந்தா சாமி. 'நல்லவேள, புள்ள கூப்புட்டா. இல்லீன்னா மூஞ்சியக்கூடப் பாக்காமப் போயிருப்பேன்'னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. அத ஒன்கிட்டச் சொல்லோணும்னுதான் இருந்தேன். நீ பேசறதில்ல. எனக்கும் எப்புடி எடுக்கறதுன்னு தெரியாமப் போச்சு."

ஒரே கூரைக்கடியில் இத்தனை நாளும் அவர் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு களி உருண்டையைத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறார். நான் காலிச் சாக்குகளில் முகத்தைப் புதைத்துச் சத்தம் போட்டு அழுதேன். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை, துண்டை எடுத்து அவரும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தெற்கே போகும் பேச்சு நின்றது. போகுமுன் டீச்சரம்மா அப்பாவிடம் ஒரு மருந்து சொன்னார். "இவளைப் பேசு பேசுன்னு யாரும் நச்சரிக்கக் கூடாது. நீங்க கிளம்பையில கொஞ்சம் தள்ளிப் போய் முதுகைக் காட்டிக்கிட்டு நில்லுங்க. அவ கூப்பிட்டாத்தான் திரும்பணும். வந்து, உக்காந்து, அவ கையால ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க. சாயங்காலம் பத்திரமா வந்து சேந்திருங்க. அதான் முக்கியம்."

பொங்கல் முடிந்து அவரை வழியனுப்ப ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். கூலியாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க, அவர் பின்னால் போனார். சாலை முடக்கில் நின்றார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சும்மா நின்றார். எதற்கு நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவராகவே திரும்பி, கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். டீச்சரம்மா என்று அவரை நான் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை.

அப்பா மருந்தைத் தவறாமல் கொடுத்தார். முதலில் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே முதுகைக் காட்டி நின்றார். என் முணுமுணுப்பு எனக்கே கேட்கவில்லை, அவர் திரும்பிவிட்டார். பிறகு குப்பைமேட்டுக்குப் போனார். "கேக்குல சாமி" என்பார், திரும்பாமலே. அத்தை "இந்தக் கண்ணறாவியக் கேக்கறதுக்கா நான் இருக்கறேன்" என்று இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு கொல்லைக்கு ஓடிவிடுவாள். நேரம் சரியில்லாத மனிதன் என்று ஊரே அப்பாவைப் பார்த்தது. அவர் வண்டியை நிறுத்திவிட்டு வந்து, உள்ளே உட்கார்ந்து, என் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "வாரேன்" என்று போவார். சாயங்காலம் திரும்பி வருவார். மாடு நொண்டி இருட்டிய நாட்களில் என் தொண்டை மறுபடியும் அடைத்துக்கொள்ளும். ஆனாலும் வந்துவிடுவார். மழைக்காலத்துக்குள் வண்டி புளியமரத்து முடக்கில் நின்றது. நான் கூப்பிட்டது அங்கே கேட்டது.

என்னைச் சேலத்தில் தறிக்காரர்கள் தெருவுக்குப் பக்கத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அப்பா என்னைப் பார்க்க வந்துவிட்டுக் கிளம்பினால் தெருமுனையில் போய் முதுகைக் காட்டி நிற்பார். நான் தெரு முழுக்கக் கேட்கக் கூப்பிடுவேன். தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்கும். எல்லாரும் சிரிப்பார்கள். அவர் அவ்வளவு தூரமும் திரும்பி நடந்து வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். பிறகு ஒரு வருஷத்திலிருந்து அவர் வரவில்லை. அத்தையும் இல்லை. என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை குட்டி எனக்கு இல்லை.

இப்போது நான் கடைக்குக் கிளம்பினால் கதவைப் பூட்டிவிட்டு, நாலு எட்டு வைத்து, தெருவைப் பார்த்துக் கொஞ்சம் நிற்கிறேன். பின்னாலிருந்து யாரும் கூப்பிடுவதில்லை. திரும்பிவந்து பூட்டைத் திறந்து, உள்ளே உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் கிளம்புகிறேன். பக்கத்து வீட்டுப் பெண் எனக்கு மறதி வந்துவிட்டது என்று நினைக்கிறாள். நினைத்துக்கொள்ளட்டும்.